ஊர் தேடி வரும் உரிமம்: சிறு உழவர் செய்துகொள்ள வேண்டிய முன்னேற்பாடுகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் சம்பா அறுவடை முடிந்து, நவரைக்குச் சேடை ஓட்டும் தை மாதத்தில் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. பகலில் உழவு, மாலையில் நெல் மூட்டை, இடையில் வைக்கோல் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். கடற்கரையோர மணற்பாங்கான ஊர்களில் சவுக்குக் கட்டையும் தர்ப்பூசணியும் ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருகின்றன. வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் ஓட்டுநர் உரிமம் கையில் உள்ளவர் எத்தனை பேர் என்று கேட்டால்தான் எண்ணிக்கை குறைகிறது.

இதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. செய்யூர் வட்டத்துக் கடலோர ஊரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகிறது. ஒரு முறை போனால் வேலை முடிவதும் இல்லை. வயதுக்குச் சான்று இல்லை, ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிச் சான்றில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை, கைப்பேசி எண் மாறிவிட்டது என்று ஏதாவது ஒரு குறை நிற்கும். அடுத்த முறை போகலாம் என்று ஒத்திப்போடுபவர் பத்து ஆண்டுகள் உரிமம் இல்லாமலேயே ஓட்டிவிடுகிறார்.

மக்கள் அலுவலகத்தைத் தேடிப் போன காலம் மாறி, அலுவலகமே ஊரைத் தேடி வரும் முறை அண்மை ஆண்டுகளில் வளர்ந்து வருகிறது. இது நல்ல மாற்றம். ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். முகாம் ஒரு நாள்தான் நடக்கும். வெறுங்கையோடு வருபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். முகாமுக்கு முன்பே ஊரில் செய்துவைக்கும் வேலையைப் பொறுத்தே பயன் கிடைக்கும்.

உரிமம் இல்லையென்றால் நிலத்துக்கே ஆபத்து

உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படியான இந்தத் தொகை தமிழகத்தில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஓட்டியவருக்கு மட்டுமல்ல, உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய் உண்டு. 18 வயது நிரம்பாத பையனிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு நீக்கப்படும்.

அபராதத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். விபத்து நேர்ந்தால் வரும் இழப்பைத் தாங்குவதுதான் கடினம். வண்டிக்குக் காப்பீடு இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஓட்டியவருக்கு உரிமம் இல்லையென்றால் வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கேட்பது வீண். மோதுண்டவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. 2004-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இதற்கு வழிகாட்டியாக இருந்து வருகிறது. ஓர் உயிர் போன வழக்கில் இழப்பீடு பல லட்சம் ரூபாய் ஆகும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அந்தத் தொகைக்கு எங்கே போவார்? வசூல் நடவடிக்கை கடைசியில் நிலத்தின் மீதுதான் வந்து நிற்கும்.

சட்டத்துக்காக மட்டும் உரிமம் என்று எண்ணுவதும் தவறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் கார்கள் வேகமாக வருகின்றன. வயல் பாதையிலிருந்து பாரம் ஏற்றிய டிராக்டர் மெதுவாகச் சாலையில் ஏறுகிறது. சாலைக் குறிகளையும், திரும்பும் முறையையும், இரவில் பின்விளக்கும் ஒளிர்பட்டையும் எவ்வளவு அவசியம் என்பதையும் அறிந்தவர்தான் அந்த இடத்தில் வண்டி ஓட்ட வேண்டும். தேர்வு வைப்பது அதற்காகவே. ஆகவே முகாம் ஊருக்கு வரட்டும். தேர்வு எளிதாகிவிட வேண்டும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு கண்ணி அறுந்தால்

உரிமம் தனியாக வருவதில்லை. அதற்கு வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். அவற்றுக்குப் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார் போன்றவை வேண்டும். வங்கிக் கணக்கு, பட்டா, பயிர்க்கடன், காப்பீடு எல்லாம் இதே சங்கிலியில்தான் தொங்குகின்றன. முதல் கண்ணி இல்லாத குடும்பத்துக்கு மற்றவை எதுவும் கிட்டாது.

இதற்கு மாமல்லபுரம் கடற்கரையில் வாழும் இருளர் குடும்பங்களே நல்ல எடுத்துக்காட்டு. வயல் வேலை, எலி பிடித்தல், ஏரி மீன் பிடித்தல் என்று உழவரோடு இணைந்து வாழ்பவர்கள் இவர்கள். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருகிறது. வரப்பில் பாம்பு கடித்த உழவர் பலர் உயிர் பிழைத்ததற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம். இந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள்; 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். கடல் கடந்து போகப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் ஆதாரம் வேண்டும். கைத்திறமை எவ்வளவு இருந்தாலும் அது வெளியே போகக் காகிதம் துணை நிற்க வேண்டியிருக்கிறது. டிராக்டர் ஓட்டும் இளைஞனுக்கும் இதே கணக்குத்தான்.

பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் வழங்குவதில்லை. கோட்டாட்சியர் விசாரித்தே வழங்க வேண்டும். கல்வியறிவு இல்லாத குடும்பம் இதற்காகப் பலமுறை அலைய நேர்கிறது. 2021 நவம்பர் 4 அன்று தீபாவளி நாளில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு முதலமைச்சர் நேரில் வந்து, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்று, குடும்ப அட்டை முதலியவற்றை வழங்கினார். சில நாட்களுக்கு முன் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் நரிக்குறவப் பெண் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்ட செய்தி வெளியானதே இதற்குத் தூண்டுதல். வருவாய், உணவு வழங்கல், ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளின் அலுவலர்கள் ஒன்றாக ஊருக்கு வந்தால், மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்த வேலை சில நாட்களில் முடியும் என்பதைப் பூஞ்சேரி காட்டியது.

மற்ற இடங்களில் நடந்தது

பக்கத்து மாநிலமான கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் 2021 நவம்பரில் பழங்குடி மக்களுக்காக ஊராட்சி ஊராட்சியாக ஆவண முகாம்கள் தொடங்கின. ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கான மேசைகள் ஒரே கூடத்தில் வரிசையாக இருந்தன. கிடைத்த ஆவணத்தைப் படமெடுத்து மின்னணுப் பெட்டகத்திலும் சேர்த்துக் கொடுத்தார்கள். மழையில் குடிசை நனைந்து காகிதம் அழிந்தாலும் ஆவணம் அழியாது. இம்முகாம்களால் 64,670 பேர் பயன் பெற்றதாக 2023 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில் பழங்குடி ஊர்கள் ஒன்றுக்கொன்று பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அங்கே 2012-இல் தொடங்கிய திட்டத்தில், அலுவலர்களும் பயிற்சியாளர்களும் வண்டியில் ஊருக்கே போகிறார்கள். பிறப்புச் சான்று பெற உதவுவதில் தொடங்கி, பழகுநர் உரிமம், ஓட்டும் பயிற்சி, ஓட்டிக் காட்டும் தேர்வு வரை அங்கேயே நடக்கின்றன. உரிமம் மட்டும் கொடுக்கப் போனவர்கள் அடையாளச் சான்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

தமிழகத்தில் 2024 ஜனவரி முதல் மாவட்ட ஆட்சியர் மாதம் ஒரு நாள் ஒரு வட்டத்தில் தங்கிக் குறை கேட்கும் ‘உங்களைத் தேடி, உங்கள் ஊரில்’ திட்டம் தொடங்கியது. 2025 ஜூலை 15 அன்று தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களில் ஊரகப் பகுதிக்கு 15 துறைகளின் 46 சேவைகள் என்று வகுக்கப்பட்டது. சான்றிதழ் மேசைகள் ஊருக்கு வருவது இப்படிப் பழகிவிட்டது. ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு மட்டும் விண்ணப்பதாரர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் திடலுக்கோ கிளை அலுவலகத்துக்கோ போக வேண்டியிருக்கிறது.

உழவர் அடையாள எண்

2025 தொடக்கத்தில் தமிழகத்தில் உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கும் பணி தொடங்கியது. வேளாண்மை, தோட்டக்கலைத் துறையினர் ஊருக்கு வந்து பதிவு செய்தார்கள். பொதுச் சேவை மையங்களிலும் கட்டணமின்றிப் பதியலாம். ஆண்டுக்கு மூன்று தவணையாக 6,000 ரூபாய் வழங்கும் பிரதமரின் உழவர் நிதி உதவித் திட்டத்துக்கு இந்த எண் தேவை என்று அறிவிக்கப்பட்டது.

இதற்கு ஆதார், ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண், பட்டா ஆகிய மூன்றும் வேண்டும். இடறல் பெரும்பாலும் பட்டாவில்தான் ஏற்படுகிறது. தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் பேரனுக்கு எண் கிடைக்காது. வாரிசுச் சான்று பெற்று, பாகம் பிரித்தோ கூட்டாகவோ பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவு நில உரிமையை அடிப்படையாகக் கொண்டது. எனவே குத்தகைக்குப் பயிரிடுபவர் தம் சாகுபடியைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பதியச் செய்து வைத்துக்கொள்வது நல்லது. குத்தகை உரிமையைப் பதிந்துகொள்ள 1969-இல் இயற்றிய தமிழகச் சட்டம் ஒன்றும் உண்டு.

களை பறித்தும் கதிர் அறுத்தும் தேய்ந்த விரலில் ரேகை பதிவதில்லை என்பது முதியவர்களின் குறை. இதற்குக் கண் கருவிழிப் பதிவும் முகப் பதிவும் மாற்று வழிகளாக உள்ளன. உழவர் நிதி உதவித் திட்டத்தின் கைப்பேசிச் செயலியில் 2023 ஜூன் முதல் முகத்தைக் காட்டியே ஆதார் சரிபார்ப்பை முடிக்கலாம். கைப்பேசி பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் ஊரில் உள்ள மற்றவர்களுக்கும் செய்து தரலாம். ஆதாரில் கைப்பேசி எண்ணை மாற்றும் சேவையும் 2021 முதல் தபால்காரர் மூலம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது.

உரிமம் பெறும் முறை

டிராக்டர், இலகு ரக வண்டி, கியர் உள்ள இருசக்கர வண்டி ஆகியவற்றுக்கு 18 வயது நிரம்ப வேண்டும். 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. பால் கேனும் உர மூட்டையும் சுமந்து ஊரில் ஓடும் மொபெட்டுகள் பெரும்பாலும் இதைவிடப் பெரிய எஞ்சின் உள்ளவை என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

முதலில் பழகுநர் உரிமம் பெற வேண்டும். 2024 மார்ச் முதல் இதற்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சாலைக் குறிகளும் விதிகளும் பற்றிய தேர்வில் தேறினால் பழகுநர் உரிமம் கிடைக்கும். இது ஆறு மாதம் செல்லும். 30 நாட்கள் கழிந்தபின், அந்த ஆறு மாதத்துக்குள் ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் பெற வேண்டும். பழகும் காலத்தில் ‘எல்’ அட்டை கட்டி, உரிமம் பெற்ற ஒருவர் உடன் இருக்கும்போதே சாலையில் ஓட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் தமிழகத்தில் உரிம அட்டை விரைவுத் தபாலில் வீட்டுக்கு வருகிறது. ஆகவே விண்ணப்பத்தில் முகவரி சரியாக இருக்க வேண்டும்.

படிக்காதவருக்கு உரிமம் கிடைக்காது என்ற தயக்கம் பலரிடம் உண்டு. வாடகை, சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த மைய அரசு விதி 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. வயதுக்கும் முகவரிக்கும் எந்தச் சான்றும் காட்ட முடியாதவர், அதற்குத் தகுந்த காரணம் இருந்தால், நிர்வாக நடுவர் அல்லது நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தரலாம். உரிம அலுவலர் அதை ஏற்கலாம் என்று 1989-ஆம் ஆண்டு மைய மோட்டார் வாகன விதி கூறுகிறது. பள்ளிக்கே போகாத பண்ணைத் தொழிலாளிக்கு இது பெரிய துணை.

டிரெய்லர் இணைத்ததால் டிராக்டர் உரிமம் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. 7,500 கிலோ எடைக்கு உட்பட்ட சிறு சரக்கு வண்டியை இலகு ரக உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்பதை 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. காய்கறி, பூ ஏற்றிச் செல்லும் சிறு வண்டிக்காரர்களின் அச்சம் இதனால் தீர்ந்தது.

உரிமம் பெற்றவர் அதன் கெடுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 30 வயதுக்குள் பெற்றால் 40 வயது வரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் பெற்றால் பத்து ஆண்டு. 50 முதல் 55-க்குள் பெற்றால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. 40 வயதைத் தாண்டியவர் மருத்துவச் சான்று தர வேண்டும். கெடு முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

முகாமுக்கு முன் செய்ய வேண்டியவை

1. வீட்டில் உள்ள எல்லா ஆவணங்களிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஆதாரில் முனுசாமி, பட்டாவில் முனிசாமி என்றிருந்தால் முகாமில் வேலை நின்றுவிடும். எது சரியோ அதற்கு மற்றதை முன்கூட்டியே திருத்திக்கொள்ள வேண்டும்.

2. ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் பயன்பாட்டில் இருக்க வேண்டும். அந்தக் கைப்பேசியை முகாமுக்குக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மகன் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் பயனில்லை.

3. கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை மேசையில் இருக்கும் அலுவலரின் முன்னிலையில் தவிர வேறு யாரிடமும், தொலைபேசியில் கேட்பவரிடமும், சொல்லக் கூடாது. மூல ஆவணங்களை இடைத்தரகரிடம் விட்டுவைக்கக் கூடாது.

4. கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். எண் இல்லாத மனுவைத் தேடிப் பிடிக்க முடியாது.

5. கிடைத்த உரிமத்தையும் வண்டிப் பதிவுச் சான்றையும் கைப்பேசியின் மின்னணுப் பெட்டகத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சோதனையின்போது அதைக் காட்டினால் ஏற்க வேண்டும் என 2018-இல் விதி திருத்தப்பட்டுள்ளது. வயலில் அட்டை நனையும், தொலையும் என்ற கவலை இல்லை.

6. பிறக்கும் குழந்தையை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே பிறந்த தேதிக்கான ஆதாரம். இன்று பதியாத குழந்தைக்கு 18 ஆண்டு கழித்து உரிமம் வாங்குவதில் சிக்கல் வரும்.

ஊர் சேர்ந்து கேட்க வேண்டும்

தனி ஒருவர் கேட்டால் ஒரு மனு. இருபது பேர் பட்டியலோடு கேட்டால் அது ஊரின் தேவை. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூட விதி உள்ளது. டிராக்டரும் பவர் டில்லரும் சரக்கு வண்டியும் ஓட்டுபவர்களில் உரிமம் இல்லாதவர் யார், ஆவணம் குறைந்த குடும்பங்கள் எவை என்று ஒரு பட்டியல் தயாரித்து அங்கே தீர்மானமாக நிறைவேற்றலாம். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் முடித்தவர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் வட்டத் தலைநகரில் ஒரு நாள் தேர்வு நடத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். மனுநீதி நாளும் ஜமாபந்தியும் உழவர் குறைதீர் கூட்டமும் இதற்கு ஏற்ற இடங்கள். பட்டியலில் பண்ணையில் வேலை செய்யும் இருளர் இளைஞர்களையும் சேர்க்க வேண்டும். வண்டி உழவருடையதாக இருந்தாலும், அறுவடை நாளில் அதை ஓட்டுவது பெரும்பாலும் தொழிலாளியின் கைதான். அவருக்கு உரிமம் இல்லையென்றால் உரிமையாளரின் நிலமும் காப்பில் இல்லை.

சொர்ணவாரிப் பயிர் அறுவடை முடிந்து சம்பாவுக்கு மழை எதிர்பார்க்கும் நாட்களில் வேலை சற்று ஓய்ந்திருக்கும். அந்த நாட்களில் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தால், தை அறுவடைக்குள் நிரந்தர உரிமம் கைக்கு வந்துவிடும். விதைக்கு முன் நிலத்தைப் பண்படுத்துவது போல, முகாமுக்கு முன் ஆவணங்களைச் சரிசெய்து வைத்திருக்கும் உழவரே முழுப் பயனையும் அடைவார்.